உள்ளே இருக்கிறவங்க

திண்டிவனத்தில் அவருக்கு வணக்கம் வைத்தால் பதில் வணக்கம் வராது. "நாக்கை நீட்டுங்க" என்பார். கடைத்தெருவானாலும் சரி, கோர்ட்டு வாசலானாலும் சரி. நீட்டினால் கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார். "எல்லாரும் இருக்காங்க, போங்க" என்று அனுப்பிவிடுவார். யார் இருக்கிறார்கள் என்று நின்று கேட்டவர்கள் குறைவு. மறை கழன்ற ஆள் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். அதிலிருந்து வெளியே வர என் மனைவியின் உயிரையே பணயம் வைக்க வேண்டியிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு காபி ஓட்டலை ஒட்டினாற்போல் அவருடைய ஒற்றை அறை. வாசலில் தகரச் சாய்ப்பு. 'மலம், மூத்திரம், சளி, ரத்தம் பரிசோதித்துச் சொல்லப்படும்' என்று ஒரு பலகை. ஓட்டல்காரர் கையெடுத்துக் கும்பிட்டதால் முதல் சொல்லைக் கடைசிக்குத் தள்ளி வேறு பலகை எழுதி மாட்டினார். அதற்குமேல் இறங்கி வரவில்லை. "அதான்யா என் கடைச் சரக்கு. அத்த எழுதாம இன்னாத்த எழுதறது?" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் மலம் தீப்பெட்டியில்தான் வரும். படித்தவர், படிக்காதவர், மிராசுதார், மூட்டை தூக்குகிறவர் எல்லோரும் ஒரே மாதிரி தீப்பெட்டியைத் துணியில் சுற்றி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டுவார்கள். அவர் மட்டும் இரண்டு கையாலும் வாங்குவார். ஒருநாள் ஓட்டல்காரர் பீடி பற்றவைக்க நெருப்புக் கேட்டு வந்து, மேசையிலிருந்த தீப்பெட்டி ஒன்றைத் தள்ளித் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு பீடியையே விட்டுவிட்டார் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஒரு மாசம் விட்டார், அவ்வளவுதான்.

ஐம்பது வயது இருக்கும். காக்கி அரை டிராயர், வெள்ளை டிரில் சட்டை, முழங்கால் வரை ஏறிய சாக்ஸ். யுத்தத்தின்போது பர்மாப் பக்கம் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப் என்கிற பூதக்கண்ணாடி பார்த்தவர் என்பார்கள். எந்த ஊர், பெண்டாட்டி பிள்ளை உண்டா என்று யாருக்கும் தெரியாது. அறுபதுகளின் நடுவில் ஒருநாள் அறையை ஒழித்துக்கொண்டு போய்விட்டார். எங்கே போனார் என்பதும் தெரியாது. இப்படி ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேனே என்று எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றித் தெரிய வேண்டிய ஒன்று எனக்குத் தெரியும். அவருக்கு யாரையும் காலி பண்ணப் பிடிக்காது.

நான் அப்போது விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. திண்டிவனம் என் மாமனார் ஊர். பாண்டிச்சேரி மருந்துக் கடையொன்றிலிருந்து நம் பரிசோதனைக்காரருக்கு, கிருமிக்குப் போடும் சாயப் புட்டிகள் ரயிலில் வரும். கண்டமங்கலம் தாண்டி விழுப்புரம் வந்து, இங்கே வண்டி மாற வேண்டும். மாற்றும்போது எங்கள் ஆட்கள் எறிகிற எறியில் புட்டி உடைந்துவிடும் என்று அவரே நேரில் வந்து வாங்கிக்கொண்டு போவார். நான் சனிக்கிழமை திண்டிவனம் போகிறவன் என்பதால் ஒரே பாசஞ்சரில் ஏறுவோம்.

ரயிலில் அவரோடு போவது ஒரு வேதனை. யாராவது எழுந்து இறங்கினால் போதும், அந்த இடம் ஆறுவதற்குள் நின்றுகொண்டிருக்கும் ஒருத்தரைக் கூப்பிட்டு உட்காரவைப்பார். கைக்குழந்தைக்காரி, தழைக்கட்டோடு வந்த கிழவர், யாராக இருந்தாலும் சரி. முண்டியம்பாக்கத்தில் ஒருமுறை என் பக்கத்தில் இடம் காலியானது. காலை நீட்டிக்கொள்ளலாம் என்று நான் மனக்கோட்டை கட்டுவதற்குள் ஒரு கோழிக்கூடைக்காரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. "காலை நீட்டக்கூட விட மாட்டீங்களா?" என்றேன்.

"காலி எடம் காலியாவே கெடக்காது தம்பி," என்றார். "நல்லவங்களை உக்கார வெச்சிட்டா நிம்மதி. இல்லேன்னா அடுத்த டேசன்ல எவன் ஏறுவான்னு யாரு கண்டா?"

கோழி திண்டிவனம் வரைக்கும் என் தொடையைக் கொத்திக்கொண்டு வந்தது.

மரியாதை விஷயத்தில் அவருக்குத் தனிக் கணக்கு. அதிகாரிகளை 'யா' போட்டுப் பேசுவார். சாய்ப்பின் கீழ் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுக்கிற அம்மாவுக்கு 'ங்க'. பூதக்கண்ணாடிக்குக் கீழே நெளிகிற கிருமிகளுக்கும் 'ங்க'. "இவங்க நேத்தே வந்திருக்காங்க" என்பார். ஏதோ சம்பந்தி வீட்டார் வந்து இறங்கியதைச் சொல்வதுபோல் இருக்கும்.

இனி என் கதையைச் சொல்லியாக வேண்டும். அதில்லாமல் அவர் படம் முழுசாகாது.

எனக்குக் கல்யாணமான மறு வருஷம் லூர்துவுக்கு டைபாய்டு வந்தது. லூர்துமேரி என் மனைவி. பதினெட்டு வயது. விழுப்புரத்தில் நான் ஒண்டிக் குடித்தனம், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று திண்டிவனத்தில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கே டாக்டர் வந்து பார்த்தார். டைபாய்டுக்கென்று கேப்சூல் வந்திருந்த சமயம் அது. பதினாலு நாள் கொடுக்கச் சொன்னார். ஜுரம் மளமளவென்று இறங்கியது. நாலாம் நாளே அவள் எழுந்து உட்கார்ந்தாள். பதினாலு நாள் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள் என்றார் டாக்டர்.

நான் நிறுத்தவில்லை. இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேப்சூல் எல்லாம் வருவதற்கு முன்னால் அவனுக்கும் இதே ஜுரம் வந்தது. மூன்று வாரத்தில் இறங்கியது. பிழைத்தான் என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். பத்தாம் நாள் திரும்பி வந்தது. அந்த இரண்டாவது சுற்றில் போய்விட்டான். அவனை நான்தான் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். ஆகவே 'இறங்கிவிட்டது' என்ற சொல்லை என்னால் நம்ப முடியாது.

டாக்டர் எழுதிக் கொடுத்த பழைய சீட்டு என்னிடம் இருந்தது. விழுப்புரத்தில் ஒரு மருந்துக் கடையில் அதைக் காட்டி மறுபடி மறுபடி வாங்கினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் ட்யூட்டி முடிந்ததும் பாசஞ்சரைப் பிடித்துத் திண்டிவனம் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். டாக்டர் சொன்னார் என்று மாமியாரிடம் பொய் சொன்னேன். சத்துக் குறையக் கூடாதென்று குளுகோஸ், பார்லித் தண்ணீர், பாண்டிச்சேரி ரொட்டி. வீட்டில் தயிர் தோய்ப்பதையே நிறுத்தச் சொன்னேன். பழையது கூடாது, மோர் கூடாது, கொதிக்காத எதுவும் கூடாது. ஒரு பூச்சி உள்ளே போகக் கூடாது என்று காவல் இருந்தேன்.

மூன்று வாரம் போனபின் அவள் வாயில் வெள்ளை வந்தது. முதலில் நாக்கில், பிறகு கன்னத்தின் உள்பக்கம், பிறகு தொண்டைக்குள். தயிர்த்துளி ஒட்டினாற்போல் திட்டுத்திட்டாக. துடைத்தால் ரத்தம் கசிந்தது. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. எச்சில் விழுங்கவே முடியவில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. திரும்பி வந்துவிட்டது. இன்னும் ஒரு வேளை கேப்சூலைக் கூட்டினேன்.

லூர்து எலும்பும் தோலுமாகிவிட்டாள். மாதா கோயில் சாமியாருக்குச் சொல்லி அனுப்பினார் மாமனார். அவர் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயால் அவஸ்தை பூசினார். பூசையில் கொடுக்கிற அப்பமான நன்மையைக் கொடுப்பதற்காக, "நாக்கை நீட்டும்மா" என்றார். நீட்டினாள். மெல்லிசான அப்பத்தில் ஒரு துணுக்குதான். அது உள்ளே இறங்கவில்லை. ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்தும் இறங்கவில்லை. இருமி வெளியே வந்துவிட்டது. சாமியார் பதற்றப்படாமல் சுத்தத் துணியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் லூர்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் என்னிடம் பேசியது இவ்வளவுதான்:

"நன்மையே என்னாண்ட வரமாட்டேங்குது. நான் இன்னா பாவம் பண்ணனோ தெரியல."

பாவம் பண்ணியவன் கட்டில் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்; வாயை அவள் காட்டவில்லை. அவருக்கும் பிடிபடவில்லை. "டைபாய்டு மாதிரி தெரியல. மலத்தைப் பாத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வணக்கம் சொல்லவில்லை. அவரும் நாக்கை நீட்டச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சாயம் போட்டு, கழுவி, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பூதக்கண்ணாடியில் குனிந்தார். ரொம்ப நேரம் தலையை நிமிர்த்தவில்லை.

"யாருமே இல்லியே," என்றார் கடைசியில்.

"யாரு?"

"எத்தினி நாளு கேப்சூல் குடுத்தீங்க?" என்றார்.

"பதினாலு நாள். டாக்டர் சொன்னபடி."

"பதினாலு நாள்ல இவ்ளோ பேரு போவ மாட்டாங்க." மெதுவாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். என்னிடம் எப்போதும் நீங்க, வாங்க என்று பேசுகிறவர் அப்போது மட்டும் அதைக் கைவிட்டார். "இந்தக் கண்ணாடி பொய் சொல்லாது. நீ சொல்லு."

சாமியாரிடம் சொல்ல முடியாததை அங்கே சொன்னேன். சீட்டு, கடை, பாசஞ்சர், பொய், தம்பி, அவள் வாயில் வந்த வெள்ளை எல்லாவற்றையும். சொல்லும்போது அழுதேன். பக்கத்தில் காபி ஓட்டலில் யாரோ டபராவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, "வாங்க, வந்து பாருங்க" என்றார்.

கண்ணாடியில் குனிந்தேன். முதலில் வெறும் வெளுப்பு. பிறகு அங்கங்கே ஊதா நிறத்தில் கொழுத்த மணிகள். நீள்வட்டமாக, நெல் மாதிரி. பெரிய மணியில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன மணி முளைவிட்டிருந்தது. சில இடங்களில் அவை நூல் நூலாக நீண்டிருந்தன.

"இவங்க ஈஸ்ட்டு," என்றார். "கள்ளு பொங்குது பாருங்க, அதைப் பொங்க வெக்கிறவங்களுக்குப் பங்காளி. காளான் ஜாதி. உங்க வீட்டம்மா வாயில இருக்கறதும் இவங்கதான்."

பிறகு வேறொரு கண்ணாடிச் சில்லை மாட்டினார். "இதைப் பாருங்க."

அடேயப்பா, அப்படி ஒரு கூட்டம். குச்சி குச்சியாக, புள்ளி புள்ளியாக, வளைந்தும் நிமிர்ந்தும், ஊதாவும் சிவப்புமாக, இடுக்கில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு. திருவிழாவன்று எங்கள் ஜங்ஷன் பிளாட்பாரம்கூட அப்படி இராது.

"யாரோடது?" என்றேன்.

"என்னுது. காத்தால எடுத்தது."

தலையைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இவங்கல்லாம் உள்ள குடியிருக்கறவங்க. நம்மளக் கேட்டுக்கினா வந்தாங்க? பொறந்த நாள்ல இருந்து ஒவ்வொருத்தரா வந்து எடம் புடிச்சி உக்காந்துக்கினு இருக்காங்க. இவங்களுக்கு நடுவுல அந்த ஈஸ்ட்டும் இருக்காங்க. உங்க வயித்துல இருக்காங்க, என் வயித்துல இருக்காங்க. ஆனா அவங்களுக்கு உக்கார எடமில்ல, துன்ன சோறு மிஞ்சறதில்ல. இவங்க போடற புளிப்பு வேற அவங்களுக்கு ஒத்துக்காது. அதனால தலை தூக்காம ஒரு மூலையில கெடப்பாங்க. நீங்க குடுத்த கேப்சூலு டைபாய்டைக் கொன்னுது. கூடவே இந்தக் குடித்தனக்காரங்களையும் கொன்னுது. ஈஸ்ட்டை மட்டும் அதால ஒன்னும் பண்ண முடியாது. எடம் காலி. மேல குளுகோஸ் தண்ணி வேற ஊத்தி இருக்கீங்க. அப்பறம் இன்னா ஆவும்?"

கோழிக்கூடைக்காரி ஞாபகத்துக்கு வந்தாள்.

"அப்போ கேப்சூல் கெட்டதா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னது? அது இல்லேன்னா உங்க வீட்டம்மா முதல் வாரமே போயிருப்பாங்க. திருடன் பூந்தா அடிச்சித்தான் ஆவணும். அடிச்சி முடிச்சப்பறம் கம்பைக் கீழ போடணும் தம்பி. நீங்க கம்பைத் தூக்கிக்கினு வீட்டுக்குள்ள இருக்கறவங்களை எல்லாம் அடிச்சிட்டீங்க."

அன்று சாயங்காலம் அவரே என் மாமனார் வீட்டுக்கு வந்தார். லூர்துவின் கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "நாக்கை நீட்டுங்கம்மா" என்றார். அவள் நீட்டவில்லை. சாமியார் வந்துபோன பின்னால் வாயை யாருக்கும் காட்டாமல் முந்தானையால் மூடியே வைத்திருந்தாள். அவர் அவசரப்படவில்லை. "இது பாவமும் இல்ல, சாபமும் இல்ல. ரொட்டி மேல பூசணம் பூக்கறதில்ல, அது மாதிரி. எடம் காலியா இருந்துச்சு, வந்துட்டாங்க. அவ்ளோதான்" என்றார். லூர்து கண்ணை மூடிக்கொண்டு, நன்மை வாங்கக் கோயில் கிராதிக்கு முன்னால் மண்டி போட்டிருப்பவள்போல் மெதுவாக நாக்கை நீட்டினாள். மழுங்கின மரக்குச்சியால் ஒரு துளி சுரண்டிக்கொண்டு, "ஆச்சு" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து டாக்டர் கேப்சூலை அன்றே நிறுத்தினார். நான் செய்ததை நானே டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டினார். நன்றாகவே திட்டினார். அது எனக்கு வேண்டியதுதான். வாய்க்குள் தடவ ஊதா மருந்து கொடுத்தார். மோர் கொடுக்கலாமா என்றதற்கு, நீர்க்கக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பியுங்கள் என்றார்.

மோருக்கு எங்கே போவது? என் காவலால் அந்த வீட்டில் ஒரு மாசமாக உறைமோர் கிடையாது. விளக்கு வைத்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் கேட்டால் உறை தர மாட்டார்கள், லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். அவர் கூட்டிவந்த மல்லாட்டை அம்மாதான் தன் வீட்டிலிருந்து ஒரு அரைக்கிண்ணம் கொண்டுவந்தாள். "எங்க லட்சுமிக்கு ரோசம் இல்ல. கேக்கற வூட்டுக்குப் போவா, வருவா. நீங்க தோச்சிக்குங்க" என்று மாமியார் கையில் கொடுத்தாள். மாமியார் கிண்ணத்தை வைத்துக்கொண்டு தயங்கினார்.

"டைபாய்டு வயித்துக்கு மோரா? இன்னாங்க இது பேஜாரு," என்று அவரைக் கேட்டார்.

"டாக்டரே சொல்லிட்டாரு, குடுங்கம்மா."

"மோர்ல இருக்கறவங்க அங்கியே தங்கிடுவாங்களா?" நான் கேட்டேன். அதற்குள் எனக்கும் அந்தப் பேச்சு தொற்றிவிட்டது.

"தங்க மாட்டாங்க. அவங்க துண்டு போட்டு எடம் புடிச்சி வெக்கிறவங்க. சொந்தக் குடித்தனக்காரங்க தன்னால திரும்பி வருவாங்க. நாம எடத்தைக் கெடுக்காம இருந்தா போதும்."

அடுத்த வாரம் சாமியார் மறுபடி நன்மை கொண்டுவந்தார். லூர்து நாக்கை நீட்டினாள். நாக்கு முழுக்க நாவற்பழம் தின்றதுபோல் ஊதா. சாமியாரின் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. என் மாமியார் வாய்க்குள் சிரிப்பை அடக்கினார். சாமியார் அப்பத்தை வைத்தார். லூர்து வாயை மூடினாள். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அதன்பின் அவள் கண்ணைத் திறந்து என்னைத்தான் முதலில் பார்த்தாள். அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "உன் தம்பியை நெனச்சிக்கினுதானே பண்ணே" என்றாள். அதற்குமேல் என்னை மன்னித்ததாக அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அவள் தேறிக்கொண்டிருந்த மாசம்தான் சாய்ப்பு விவகாரம் நடந்தது. அவருடைய சாய்ப்பின் கீழ் மல்லாட்டை அம்மா, ஒரு செருப்புத் தைக்கிறவர், கோர்ட்டுக்கு மனு எழுதுகிற ஒருவர் என்று மூன்று பேர் எப்போதும் இருப்பார்கள். அவர் பத்து நாள் வெளியூர் போயிருந்த சமயம், இடத்துச் சொந்தக்காரர் அவர்களை விரட்டிவிட்டுச் சாய்ப்பைத் துப்புரவாகக் கழுவிவிட்டார். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஐந்தாம் நாள் அங்கே சைக்கிள் டியூபில் சாராயம் கொண்டுவருகிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மதுவிலக்குக் காலம். பாண்டிச்சேரியில் ஓடும், நம் பக்கத்தில் ஒளியும். காபி ஓட்டலுக்குப் பெண்கள் வருவது நின்றது. சொந்தக்காரர் போலீசுக்குச் சொன்னார். போலீஸ் வரும்போது ஓடுவார்கள், போனதும் வருவார்கள்.

அவர் ஊரிலிருந்து திரும்பி வந்தார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மல்லாட்டை அம்மாவைக் கூட்டிவந்து பழைய இடத்தில் அடுப்பைப் போடச் சொன்னார். செருப்புக்காரர் வந்தார், மனுக்காரர் வந்தார். போதாதென்று ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கிராமத்துச் சனங்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒரு வாரத்தில் டியூப்காரர்களுக்குக் குந்த இடமில்லை. ஒருத்தன் மட்டும் ஓரத்தில் நின்றுகொண்டு இருந்தான். அவனையும் விரட்டவில்லை. சரக்கு இல்லாமல் வருவான், மல்லாட்டை வாங்கித் தின்றுவிட்டுப் போவான்.

நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். "உங்க வயித்துல நடக்கறதத்தான் வாசல்லியும் நடத்தறீங்க" என்றேன்.

"எங்க ஆனாலும் அதான் தம்பி," என்றார். அவர் அப்படி எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்ப்பது எனக்குச் சில சமயம் எரிச்சலாகவும் இருக்கும். அவர் பெஞ்சில் மூட்டைப்பூச்சி பிடித்தபோது, "இவங்களையும் இருக்கட்டும்னு விடுவீங்களா?" என்று மடக்கினேன். "அதுக்குக் கெரசின்தான். இன்னா கேள்வி கேக்கறீங்க?" என்று அசராமல் சொல்லிவிட்டு, மூலை மூலையாகக் கெரசின் ஊற்றினார்.

லூர்துவை விழுப்புரம் அழைத்து வந்து மூன்று மாசம் இருக்கும். உடம்பு தேறி, கன்னத்தில் சதை வைத்திருந்தது. ஆனால் எனக்கு உள்ளே ஒன்று மிச்சமிருந்தது. டாக்டர் நிறுத்தச் சொன்ன அன்று கைவசமிருந்த கேப்சூல்களை நான் எறியவில்லை. ஒரு தகர டப்பியில் போட்டு வீட்டில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். அவள் ஒரு தும்மல் தும்மினால்கூட எனக்கு அந்த டப்பி ஞாபகம் வரும். என் தம்பியின் எடை என் தோளில் வந்து உட்காரும். ஒருநாள் காலையில் அவள், "உடம்பு கணகணன்னு இருக்கு" என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னாள். நான் டப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவளுக்குத் தெரியாமல் கொடுத்துவிடுவேனோ என்று எனக்கே பயமாகிவிட்டது. பரிசோதனைக்கு எடுத்துப்போகத் தீப்பெட்டி ஒன்று கேட்டேன். "எனக்கு ஒன்னும் இல்ல, உனக்குத்தான் நோவு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் கொடுத்தாள். பாசஞ்சரைப் பிடித்தேன்.

அவர் வழக்கம்போல் இரண்டு கையாலும் வாங்கினார். பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "வாங்க, வந்து பாருங்க" என்று நாற்காலியை விட்டார்.

குனிந்தேன். கூட்டம். குச்சிகள், புள்ளிகள், வளைந்தவை, நிமிர்ந்தவை. அன்றைக்கு அவருடையதைப் பார்த்தேனே, அதே நெருக்கடி. எனக்குக் கண் கலங்கிக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து, திருகாணியை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். ஒரு மூலையில், நெருக்கத்துக்கு நடுவில், கொழுத்த ஊதா மணி ஒன்று தனியாகக் கிடந்தது.

"ஒன்னு இருக்குது," என்றேன். "இங்க ஒன்னு இருக்குது."

அவரும் குனிந்து பார்த்தார். "ஆமா. இருக்காங்க."

"அதையும் கொன்னுடலாமா?" என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. டப்பி கலகலத்தது. அந்தச் சத்தம் என்ன என்று அவர் கேட்கவில்லை. பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இருந்துட்டுப் போவட்டும் தம்பி," என்றார். "மத்தவங்க பாத்துப்பாங்க."

வெளியே மல்லாட்டை அம்மாவின் சட்டியில் மணல் சரசரவென்று புரண்டுகொண்டிருந்தது. நான் டப்பியை எடுத்து மேசைமேல் வைத்தேன். கையை எடுக்கத்தான் கொஞ்ச நேரமானது. அவர் அதைத் தொடவில்லை. அடுத்த தீப்பெட்டியை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார்.

வாசல் வரைக்கும் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள், சர்க்கார் உத்தியோகஸ்தன் நான். இருந்தாலும் திரும்பி நின்று, அவர் கேட்காமலேயே நாக்கை நீட்டினேன்.

கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாரும் இருக்காங்க," என்றார். "போங்க."